முற்றத்தில் நின்றவர்கள்: கரவெட்டியும் சின்னத்திரையும்

கரவெட்டியில் எங்கள் ஒழுங்கைக்கு முதலாவது தொலைக்காட்சிப் பெட்டி வந்தது 1982 ஆம் ஆண்டில். அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி, ஜப்பானிய அரசின் உதவியுடன் ரூபவாஹினி தனது ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1979 ஏப்ரலில், ஐ.ரி.என். கொழும்பில் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தபோதும் அது எங்களைப் பொறுத்தவரை பத்திரிகைச் செய்தி மட்டுமே. ரூபவாஹினி வந்த பின்னர்தான் "ரி.வி." என்ற சொல் வடமராட்சியின் வீட்டுச் சொல்லாயிற்று.

அந்தப் பெட்டி இருந்தது ஒரு நாற்சார் வீட்டில். வீட்டுக்காரரின் மகன் மத்திய கிழக்கில் வேலை செய்தார். அவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது. இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பனையோடு போட்டி போடும் உயரத்துக்கு மீன்முள் போன்ற அன்ரனாவை ஏற்றியிருந்தார்கள். காற்றும் வானமும் ஒத்துழைத்தால் சென்னைத் தூரதர்ஷனும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்", ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திரைப்படம். ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம் மேற்காலை திருப்பு, இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும். படத்தைப் பார்த்த நேரத்தை விட அதைப் பிடித்த நேரமே அதிகம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டுக்காரர் எங்களுக்கு உறவு. ஆகவே நான் கூடத்தில், பாயில், பெட்டிக்கு மிக அருகில் இருந்தேன். பெரியவர்கள் கதிரைகளில். அயலவர்கள் விறாந்தையில். விறாந்தைப் படிக்குக் கீழே, முற்றத்தில், வேறு சிலர் நின்றார்கள். எவரும் அவர்களை அங்கே நில் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. எவரும் உள்ளே வா என்று சொன்னதாகவும் கேட்டதில்லை. யார் எங்கே என்பது பெட்டி வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. முற்றத்தில் நின்றவர்களில் ஒருவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பகலில் ஒரே வாங்கில் இருந்தோம். இரவில் அவன் நின்றான், நான் இருந்தேன். அது அப்போது என் கண்ணில் படவே இல்லை என்பதை இன்று எழுதும்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கரவெட்டியைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியையும் அதன் பாலத்தையும் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்தால் சிறிது தூரத்தில் நெல்லியடிச் சந்தி. கடைகள், சந்தை, பஸ் நிலையம் எல்லாம் அங்கே. அதன் அயலில் விரிந்து, தெற்கே வயல்களிலும் நீரேரியின் உவர் நிலத்திலும் முடிவது கரவெட்டி. நகரமென்றும் சொல்ல இயலாது, முழுக் கிராமமென்றும் சொல்ல இயலாது. தோட்டத்து வெங்காயமும் அரசாங்க உத்தியோகமும் ஒரே வீட்டில் வாழும் ஊர். தச்சந்தோப்புப் பிள்ளையாரும் அத்துளு அம்மனும் அதன் கோயில்கள். விக்னேஸ்வராக் கல்லூரி அதன் பெருமை. 1960 களில் உடுப்பிட்டித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் பின்னர் பிரதிச் சபாநாயகராகவும் விளங்கிய மு. சிவசிதம்பரம் இவ்வூரவர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932 இல் பிறந்ததும் இங்கேதான்.

சிவத்தம்பியின் பெயரை இங்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடலின் ஊடகமாக ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1981 இல் சென்னையில் வெளிவந்தது. தமிழர் எல்லோரும் சாதி பாராது ஒரே கூரையின் கீழ் இருந்து கலை நிகழ்வொன்றைப் பார்த்த முதலாவது இடம் சினிமாக் கொட்டகையே என்பது அவர் அழுத்திச் சொன்ன கருத்துகளில் ஒன்று. கொட்டகையில் இருக்கையைத் தீர்மானித்தது ரிக்கற்றின் விலை, பிறப்பு அல்ல. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே ரூபவாஹினி வந்தது. ஒரு கரவெட்டியார் கொட்டகையில் கண்ட சமத்துவத்தை, தொலைக்காட்சி கரவெட்டியிலேயே மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டது. திரை பொதுவானது. ஆனால் அது இருந்த கூடம் பொதுவானதல்ல.

எங்கள் பிரதேசம் இதையெல்லாம் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருந்த பிரதேசமும் அல்ல. கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வதிரியில் சூரன் என்னும் பெரியார் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்த்தெடுத்த பாடசாலையே பின்னர் தேவரையாளி இந்துக் கல்லூரியாயிற்று. 1924 இல் உருவான யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வலியுறுத்தியது. 1957 இல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் கடதாசியில் கிடந்தபோது 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. நெல்லியடித் தேநீர்க் கடைகளில் எல்லோரோடும் சமமாக இருந்து தேநீர் குடிக்கும் உரிமைக்காகக் கரவெட்டி கன்பொல்லை இளைஞர்கள் போராடினார்கள். சாதாரணமான ஒரு கிளாஸில் சாதாரணமான ஒரு தேநீர். அதற்காக அடி வாங்கியவர்கள் எங்கள் அயலில் இருந்தார்கள். 1982 இல் முற்றத்தில் நின்றவர்களில் சிலர் அவர்களுடைய பிள்ளைகளும் தம்பிமாரும்.

இது கரவெட்டிக்கு மட்டும் உரிய வெட்கம் அல்ல. திரை அழகாகக் காட்டும் ஊருக்கும் அந்த ஊரின் நாளாந்த வாழ்வுக்கும் இடையிலான தூரம், தொலைக்காட்சி முதன்முதலில் வீட்டுக்கு வீடு பரவிய அமெரிக்காவிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1947 முதல், நியூயோர்க்குக்கு வெளியே உருளைக்கிழங்குத் தோட்டங்களாக இருந்த நிலத்தில் லெவிட் நிறுவனம் 17,000 க்கும் அதிகமான வீடுகளைக் கட்டியது. லெவிட்டவுன் என்று அதற்குப் பெயர். ஒரே மாதிரியான வீடு, முன்னால் புல்வெளி. அமெரிக்கப் புறநகர் வாழ்வுக்கு அதுவே முன்மாதிரி. அந்த வாழ்வைத் தொலைக்காட்சி நாடகங்கள் இனிக்க இனிக்கக் காட்டின. வேலையிலிருந்து புன்னகையோடு திரும்பும் தந்தை, சமையலறையிலும் முத்துமாலை அணிந்த தாய், குறும்புக்காரப் பிள்ளைகள். "லீவ் இட் ரு பீவர்" என்ற புகழ்பெற்ற தொடர் 1957 ஒக்டோபரில் ஆரம்பமாயிற்று.

அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர், 1957 ஆகஸ்டில், பென்சில்வேனியா மாநிலத்தில் அதே நிறுவனம் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் மயர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கிக் குடிபுகுந்தது. இரவிரவாகச் சனம் வீட்டைச் சுற்றிக் கூடியது. கற்கள் பறந்தன. நியூயோர்க் லெவிட்டவுனின் ஆரம்ப கால ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதோர் அங்கு குடியிருத்தல் ஆகாது, வீட்டு வேலைக்காரராயின் மட்டும் இருக்கலாம் என்று எழுத்திலேயே விதித்திருந்தார்கள். சின்னத்திரையின் புறநகர்த் தெருவில் கறுப்பரே தென்படவில்லை. அங்கு அவர்கள் ஏன் இல்லை என்று நாடகம் கேட்கவும் இல்லை. எங்கள் நாட்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1957 தான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கும் அமெரிக்கப் புல்வெளிக்கும் கடல்கள் பல இடையே கிடந்தாலும், வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை அழகிய படம் காட்டாது என்ற விதி ஒன்றுதான்.

நிற்க. கரவெட்டிக்குத் திரும்புவோம்.

1984 நவம்பரில் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை அந்த நாற்சார் வீட்டில் முற்றம் நிரம்பப் பார்த்தோம். அதன்பின் யுத்தம் எங்கள் வாசலுக்கே வந்தது. 1987 மே 26 ஆம் திகதி வடமராட்சி இராணுவ நடவடிக்கை ஆரம்பமாயிற்று. பிடிபட்ட இளைஞர்கள் கப்பலில் ஏற்றப்பட்டுத் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். யூலை 5 ஆம் திகதி நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாம் மீது வெடிமருந்து வாகனம் மோதியது. எங்கள் வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. உலகத் தொலைக்காட்சிகள் எங்கள் பெயரை உச்சரித்தது அப்போதுதான். உச்சரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன.

1990 இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, ஒரு துளி எண்ணெயில் ஓர் இரவைக் கழிக்கக் கற்றுக்கொண்டோம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். யாரேனும் காசு சேர்த்தால் ஜெனரேற்றரும் ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது வடமராட்சியின் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் அந்த மக்களால் நிறைந்தன. அப்போதும் ஏதாவது ஒரு முற்றத்தில் டெக் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில்தான் இன்னொரு வகைப் "படம்" கரவெட்டிக்கு வரத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் வீடியோக் கசற். கொழும்புக்கு வந்து, யாரோ ஒருவரின் பையில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, வீடு வந்து சேரும். கல்யாண வீடு, சாமத்திய வீடு, பிள்ளையின் முதலாவது பிறந்த நாள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் எடுக்கப்பட்டவை. விளக்குகள் தொங்கும் பெரிய மண்டபம், வெள்ளை நிறத்தில் நீளமான கார், பல தட்டுக் கேக், பட்டுச் சேலைகள். வீட்டைக் காட்டும்போது கமரா முன்வாசலில் தொடங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் நுழைந்து வெளிவரும். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த சனம் அதை வாய் பிளந்து பார்த்தது. வெளிநாட்டு நகரங்களின் புறநகர் வாழ்வைக் கரவெட்டிக்குக் காட்டிய முதலாவது தொலைக்காட்சி அதுதான். இயக்குநர் இல்லை, நிலையம் இல்லை. தயாரிப்பாளர்கள் எங்கள் சொந்தச் சகோதரர்கள்.

முற்றத்தில் நின்ற என் வகுப்புத் தோழனும் 1990 களின் தொடக்கத்தில் கனடா போய்ச் சேர்ந்திருந்தான். அவனுடைய கல்யாணக் கசற் வந்தபோது அவனுடைய தாயார் ஒழுங்கை முழுவதையும் அழைத்தார். இம்முறை நான்தான் அவர்கள் முற்றத்துக்குப் போனேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தினார். சில மாதங்களின் பின் அவன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். அந்த மண்டபம் ஆறு மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுத்தது. அந்தக் கார் இரண்டு மணித்தியாலத்துக்கு. அதற்குப் பட்ட கடனை இரண்டு இடத்தில் வேலை செய்து கட்டுகிறான். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருக்கிறான். யன்னலில் தெரிவது பனி மட்டும். "அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை மச்சான்" என்று கடைசி வரியில் எழுதியிருந்தான். நான் சொல்லவில்லை.

ஸ்காபரோவும் பாரிஸின் லா கூர்னேவும் லண்டனின் ஈஸ்ற்ஹாமும் எங்கள் மக்கள் குடியேறிய நகர ஓரங்கள். அங்கு விடியற்காலைத் தொழிற்சாலை பஸ் உண்டு, உணவகச் சமையலறையின் நீராவி உண்டு, விசா வழக்கின் அடுத்த தவணை உண்டு. கசற்றில் அவை இல்லை. அனுப்பியவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். யுத்தத்துக்குள் இருக்கும் தாய்க்கு மகன் தன் நிலக்கீழ் அறையைக் காட்டுவானா? இங்கிருந்து போனவர்களும் கசற்றைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அல்ல. உயிரைக் காக்கப் போனார்கள். ஆனால் போனபின் எவ்வளவு அனுப்ப வேண்டும், எப்போது தங்கையின் சீதனத்தைத் தர வேண்டும், ஏன் இன்னும் வீடு கட்டவில்லை என்ற கணக்குகளையெல்லாம் ஊரில் இருந்தவர்கள் போட்டது கசற்றில் பார்த்த மண்டபத்தை வைத்துத்தான். அந்தக் கணக்கு பல சகோதர உறவுகளைத் தின்றது. காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டி, இடைவழியில் ஏதோ ஒரு நாட்டில் பிள்ளை அகப்பட்டுக்கொள்ள, ஈட்டில் காணியையும் இழந்த வீடுகளின் வாசலில் செய்தி சேகரிக்கப் போய் நின்றிருக்கிறேன். அவர்களுடைய கண்ணீரில் யுத்தத்துக்குப் பெரும் பங்கு. கசற்றுக்கும் ஒரு சிறு பங்கு.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கையடக்கக் கமராக்களோடு உறவினர் வந்தார்கள். இப்போது படம் மறுபுறமாக ஓடத் தொடங்கியது. இவ்வளவு காலமும் நாங்கள் அவர்களைப் பார்த்தோம். இனி அவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கிணற்றடி, பூவரசு வேலி, பனங்கூடல், கோயில் தேர், பாட்டியின் கை. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் பூட்டப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்தது. 2011 இல் கொக்காவிலில் 174 மீற்றர் உயரக் கோபுரம் மீண்டும் எழுந்தது. 2013 இல் இலட்சபான மின்சாரம் குடாநாட்டுக்கு மீண்டும் வந்தது. இதே காலத்தில் புலம்பெயர் நாடுகளின் தமிழ்த் தொலைக்காட்சிகள் ஊர் ஊராகப் படப்பிடிப்புக் குழுக்களை அனுப்பத் தொடங்கின. பின்னர் யூடியூப் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்று கரவெட்டியை ஸ்காபரோவில் இருந்தபடி நாள் முழுவதும் பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு குழுவுக்கு ஊரைக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. நல்ல பிள்ளைகள். தொழிலில் கவனமானவர்கள். ஆயினும் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே விளங்கிவிட்டது. ஒரு வளவில் வயோதிப மாது ஒருவரைத் துலாவில் தண்ணீர் அள்ளும்படி கேட்டார்கள்.

"துலா முறிஞ்சு இருபது வரியமாச்சு, தம்பி. மோட்டர்தான் போடுறனான்" என்றார் அவர்.

அப்படியானால் வாளியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். பின்னால் இருந்த நீலநிறப் பிளாஸ்ரிக் தொட்டி படத்துக்குள் வராதபடி கமராவைத் திருப்பினார்கள். தண்ணீர் உவராகிவிட்டதால் குடிப்பதற்கு வேறு தண்ணீர் வாங்குகிறேன் என்று அவர் சொன்னதை ஒலிவாங்கி பிடித்தது. நிகழ்ச்சியில் அது வரவில்லை. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கத் தொண்டைமானாற்றில் 1950 களில் கட்டிய தடுப்பணையிலிருந்து, 2024 இல் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வரை, வடமராட்சியின் வரலாற்றில் பாதி நல்ல தண்ணீரைத் தேடிய வரலாறு. திரையில் கிணறு இருந்தது. தண்ணீரின் கதை இல்லை.

பின்னர் அவர்கள் கேட்டது ஒரு நாற்சார் வீடு. நான் அழைத்துச் சென்றது எந்த வீட்டுக்கு என்பதை வாசகர் ஊகித்திருப்பீர்கள். உரிமையாளர்கள் இப்போது லண்டனில். திறப்பு அயலவர் ஒருவரிடம். பெட்டி இருந்த கூடம், நாங்கள் படுத்திருந்த பாயின் இடம், தேய்ந்த விறாந்தைப் படி, அதற்குக் கீழே அந்த முற்றம். கமரா மெல்ல மெல்ல நகர்ந்தது. இளம் அறிவிப்பாளர், எங்கள் முன்னோர் எல்லோரும் கூடி மகிழ்ந்து வாழ்ந்த வாழ்வின் அடையாளம் இந்த முற்றம் என்ற பொருளில் அழகாகப் பேசினார். நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன். சொல்வதற்கு ஒரு வசனம் இருந்தது. அன்றும் சொல்லவில்லை.

அந்த வீட்டிலிருந்து சந்திக்குத் திரும்பும் வழியில் பூட்டிய வீடுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அவற்றில் ஒன்றையேனும் குழு படமெடுக்கவில்லை. பூட்டிய படலையில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் அண்மைக்கால வரலாறு அந்தப் பூட்டுகளில்தான் இருக்கிறது. 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்தைத் தாண்டியிருந்தது; 2012 இல் 6 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள். 2015 இல் 7. 2024 இல் 6. பாராளுமன்றத்தில் எங்கள் குரலின் அளவு குறைந்துவருவதற்கும் எங்கள் ஒழுங்கையின் பூட்டிய படலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதவேண்டும், படம் அழகாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. ஊரின் மீது அன்புள்ளவர்கள் காசு அனுப்புகிறார்கள். காசு, திரையில் கண்டதைத் தேடிப் போகிறது. கோபுரம் உயர்கிறது, தேர் புதிதாகிறது, வரவேற்பு வளைவு எழுகிறது. திரையில் காணாதது காத்துக்கிடக்கிறது. தனித்து வாழும் முதியவரை மந்திகை ஆசுபத்திரிக்குக் கூட்டிச்செல்ல ஆள் இல்லை. நுண்கடன் எடுத்த பெண் கிழமைக் கட்டுப்பணத்துக்காக நகையை அடகுவைக்கிறாள். பட்டம் பெற்ற பிள்ளை வேலைக்காக ஆண்டுக்கணக்கில் விண்ணப்பம் அனுப்புகிறான். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டக்காரரின் நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றன, வெங்காயம் வாடியது. அந்த வாடிய பாத்திகளை அந்த நாட்களில் எந்த நிகழ்ச்சியிலும் நான் காணவில்லை.

முற்றத்தில் நின்றவர்களின் கதையும் அப்படித்தான். பழைய யாழ்ப்பாணத்தை ஒரே குடும்பமாகக் காட்டும் ஒவ்வொரு படமும், சூரனின் பாடசாலையையும் கன்பொல்லை இளைஞர் வாங்கிய அடியையும் தேவையற்றதாக்கிவிடுகிறது. எல்லோரும் கூடி மகிழ்ந்திருந்தால் அவர்கள் எதற்காகப் போராடினார்கள்? புலத்தில் பிறந்து வளரும் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்கவும் தெரியாமல் போவார்கள். தேவரையாளியில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தெணியான் தம் ஆயுள் முழுவதும் எழுதியது இந்த முற்றங்களைப் பற்றித்தான். அவர் 2022 இல் மறைந்தார். அவருடைய புத்தகங்களைத் தேடிப் படமெடுக்க ஒரு கமராவும் வந்ததாகத் தெரியவில்லை. 1970 களின் பிற்பகுதியில் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர் இயக்கிய "பொன்மணி" திரைப்படம் யாழ்ப்பாணத்தின் சாதியையும் சீதனத்தையும் உள்ளபடி காட்டியது. எங்கள் சனம் அதனைக் கொண்டாடவில்லை. ஆகவே பிழையைத் தொலைக்காட்சிக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. கேட்கிறவர்கள் நாம்; அவர்கள் தருகிறார்கள்.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவு ஸ்காபரோவிலிருந்து என் தோழன் தொலைபேசியில் அழைத்தான். இப்போது அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கடன் இன்னும் முடியவில்லை.

"பாத்தனான் மச்சான். நல்ல வடிவாய் எடுத்திருக்கிறாங்கள்" என்றான். பிறகு சற்று நேரம் பேசவில்லை. "அந்தப் படியிலையிருந்து கிணத்தடி வரைக்கும் நாங்கள் நிண்ட இடம். வெறும் முத்தமாய்க் கிடக்குது."

நாற்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்த வசனத்தை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். நான் உள்ளே இருந்தேன், உன்னைக் கூப்பிடவில்லை என்று. அவன் சிரித்தான். "நீயும் சின்னப் பொடியன்தானேடா" என்றான். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு அவன் குரல் மாறியது. அவனுடைய தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவன் அனுப்பிய காசில் கட்டிய கல்வீட்டில் தனியே இருக்கிறார். விறாந்தையில் ஒரு சி.சி.ரி.வி. கமரா பூட்டியிருக்கிறான். வேலையிடத்திலும் பஸ்ஸிலும் கைத்தொலைபேசியில் அந்த விறாந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி ஐந்தாறு வீடுகள் உண்டு. பின்னணி இசை இல்லை, அறிவிப்பாளர் இல்லை, தேர் இல்லை. ஒரு கதிரை, ஒரு சுவர், எப்போதாவது ஒரு பூனை. கரவெட்டியை உள்ளபடி காட்டும் தொலைக்காட்சி இன்று அது ஒன்றுதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரேயொரு பார்வையாளர்.

"அங்கை விடிஞ்சு ஏழு மணியாச்சு. அம்மா இன்னும் விறாந்தைக்கு வரேல்லை. போனும் எடுக்கிறா இல்லை. ஒருக்கால் எட்டிப் பாக்கிறியே?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். படலை திறந்தே இருந்தது. விறாந்தையில் யாரும் இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் சென்றேன். கிணற்றடியில் மோட்டர் இழுக்காமல் நின்றிருந்தது. அவர் வாளியில் கயிற்றைக் கட்டிக் கையால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா தம்பி, உள்ளை வந்து இரு. தேத்தண்ணி போடுறன்" என்றார்.

வாளியை வாங்கித் தொட்டியை நிரப்பிவிட்டு, விறாந்தைக்கு வந்து கமராவுக்கு நேரே நின்று கையை அசைத்தேன்.